பல்செட் கிடைக்கும்வரை டீ இல்லை

பாவ்நகரில் வட்வாப் பக்கத்துச் சந்து ஒன்றில் காலத்தைக் கணக்குப் போடுவதற்குப் பஞ்சாங்கம் தேவைப்பட்டதில்லை. காஞ்சன்பென் இருந்தாள். அவள் கத்தரிக்காய் தொடாத வருஷம், செருப்புப் போடாத கோடை, மாம்பழம் சாப்பிடாத பருவம் என்று சொன்னால் போதும், எல்லோருக்கும் விளங்கிவிடும். கடிகாரம் ரிப்பேர் செய்யும் சுந்தர்ஜியிடம் அவருடைய மகனுக்கு என்ன வயசு என்று கேட்டால்கூட, காஞ்சன்பென் வெறுங்காலோடு நடந்த கோடையில் பிறந்தவன் என்றுதான் முதலில் சொல்வார். வயசு அப்புறம்தான் வரும்.

அந்த ஊரில் வேண்டுதல் வைப்பது தாளித்துக் கொட்டுவது போலச் சாதாரணம். வேலை கிடைக்கிறவரை வெல்லம் தொடமாட்டேன், மகளுக்கு வரன் அமைகிறவரை நெய் ஊற்றிக்கொள்ளமாட்டேன் என்று அம்மனிடம், அவர்கள் பேச்சில் மாதாஜியிடம், சொல்லிவிட்டு, ஆளுக்கு எதையாவது விட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். ஒவ்வொருவரும் தன்னுடையதை விடுவார்கள். காஞ்சன்பென்னின் புருஷன் தன்சுக்லால் மட்டும் பெண்டாட்டியுடையதை விட்டார்.

கல்யாணமான புதிதில், உப்பளக் கம்பெனியில் அவருடைய குமாஸ்தா வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. மாதாஜி கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு, வேலை நிரந்தரமாகிறவரை என் காஞ்சன் கத்தரிக்காய் சாப்பிடமாட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தார். கத்தரிக்காயைச் சுட்டுப் பிசைந்து கம்பு ரொட்டியோடு சாப்பிடுவதற்காகவே குளிர்காலத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கிறவள் அவள். புதுப்பெண், வாய் திறக்கவில்லை. வேலை நிரந்தரமானது. மாமனாரின் மூல வியாதிக்கு அவளுடைய வெல்லம் போனது. வியாதி குணமானது. மகள் நீலு நல்லபடியாகப் பிறப்பதற்குச் செருப்புப் போனது. நீலுவும் நல்லபடியாகப் பிறந்தாள். மனுஷனுக்கு இது கைகண்ட மருந்தாகப் போய்விட்டது.

"நீயும் நானும் ஒரே உடம்பு காஞ்சன். எந்தப் பாதி விட்டா என்ன?" என்பார். விடுகிற பாதி ஒரு தடவைகூட மாறவில்லை என்பது அவருக்குத் தோன்றியதே கிடையாது. கெட்ட மனுஷன் என்றும் சொல்லிவிட முடியாது. அடித்ததில்லை, குடித்ததில்லை. வேண்டுதல் வைக்கிற நேரத்தில் அவருக்கு உண்மையாகவே அழுகை வரும். அவள் எதை விடுகிறாளோ, அதை அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடும்போது மட்டும் வராது.

மாம்பழ விஷயம்தான் சந்துக்கே தெரிந்த கதை. மாடியில் குடியிருந்த ஹசுமதிபென் காலி செய்யவேண்டும் என்று அவர் விரும்பினார். ஹசுமதி துணி உலர்த்தினால் தண்ணீர் அவர் ஊஞ்சல்மேல் சொட்டியது, அவ்வளவுதான் குற்றம். மாடி காலியாகிறவரை காஞ்சன் மாம்பழம் தொடமாட்டாள் என்று நேர்ந்துகொண்டார். ஹசுமதியோ காஞ்சன்பென்னுக்கு உயிர்த் தோழி. இரண்டு பருவம் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாவது வைகாசியில், தன்னால்தானே இவளுக்கு மாம்பழம் இல்லை என்று ஒரு மத்தியானத்தில் சட்டி பானையெல்லாம் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குக் குடிபோனாள். போன கையோடு ஒரு கூடை கேசர் மாம்பழத்தோடு திரும்பி வந்து, தோழியின் வீட்டுப் படியில் உட்கார்ந்து நறுக்கினாள். இரண்டு பேரும் முழங்கை வரை சாறு ஒழுகச் சாப்பிட்டார்கள். தன்சுக்லால் ஊஞ்சலில் ஆடியபடி, பார்த்தாயா, மாதாஜி கைவிடவில்லை என்றார்.

இத்தனை போனபோதும் காஞ்சன்பென் தாங்கிக்கொண்டதற்குக் காரணம் டீ. மத்தியானத் தூக்கம் முடிந்து சந்து கண் விழிக்கிற நேரத்தில் அவள் வீட்டு இடிகல் சத்தம் கேட்கும். இஞ்சியை நசுக்கிப் போட்டு, எலுமிச்சைப்புல்லை முடிச்சுப் போட்டு உள்ளே தள்ளி, நாலு புதினா இலையைக் கிள்ளிப்போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவிடுவாள். அப்புறம் டீத்தூளும் சர்க்கரையும். அதற்கப்புறம் எருமைப்பால். பொங்கி வரும்போது தீயை இறக்கி, மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கி, அது தானாக நிறம் மாறுகிறவரை பக்கத்திலேயே நிற்பாள். கடைசியாகத்தான் அவள் வீட்டு மசாலா ஒரு சிட்டிகை விழும். ஏலக்காயும் சுக்கும் முன்னே நிற்கும், மிளகு எங்கோ பின்னால் இருமிக்கொண்டிருக்கும். ஹசுமதியும் சுந்தர்ஜியும் இன்னும் யார் யாரோ வருவார்கள். எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தபிறகு தனக்கு ஒரு சாஸரில் ஊற்றிக்கொண்டு, அடுப்புக்குப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து உறிஞ்சுவாள். அந்த ஒரு சாஸர் நேரத்தில் யார் கூப்பிட்டாலும் அவளுக்குக் காது கேட்காது. கத்தரிக்காய் போகட்டும், மாம்பழம் போகட்டும், இது இருக்கிறதே என்று அவள் நினைத்திருந்தாள்.

அதுவும் போட்டாத் என்ற ஊரில் நடந்த ஒரு கல்யாணத்தில் போனது.

தன்சுக்லாலின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். ஆண்கள் எல்லோரும் மண்டபத்துக் கூடத்தில் வரிசையாகப் படுத்தார்கள். தன்சுக்லால் தன் மேல்வரிசைப் பல்செட்டைக் கழற்றிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு, ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத் தூங்கினார். காலையில் பார்த்தால் அந்த இடத்தில் டம்ளரே இல்லை. பாயை உதறினார்கள், தலையணையைப் பிதுக்கினார்கள், சமையற்காரர்களின் அண்டாவில் கரண்டி விட்டுத் துழாவினார்கள். பொக்கை வாயோடு சம்பந்தி வீட்டார் முன்னால் நிற்கவேண்டுமே என்ற அவமானத்தில் மனுஷன் கலங்கிப்போனார். பந்தலில் மாட்டியிருந்த மாதாஜி படத்தின் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் தூக்கினார். அப்போது பெண்கள் பக்கத்தில் காஞ்சன்பென் காலை டீயைச் சாஸரில் ஊற்றி உதட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

"தாயே, என் பல்செட் கிடைக்கிற வரைக்கும் என் காஞ்சன் டீ குடிக்கமாட்டா."

கல்யாண வீடே கேட்டது. அவள் சாஸரைக் கீழே வைத்தாள். அதில் ஆவி இன்னும் பறந்துகொண்டிருந்தது. கத்தரிக்காய்க்கு அழாதவள், செருப்புக்கு அழாதவள், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பெண்ணைப் பிரிகிற துக்கம் சித்திக்கு இவ்வளவா என்று பக்கத்தில் இருந்தவர்கள் நெகிழ்ந்துபோனார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் தன்சுக்லால் பல் டாக்டரிடம் போய்ப் புதுப் பல்செட் வாங்கிக்கொண்டார். பழையதைவிட வெள்ளை. காலையில் வழக்கம்போலக் கடலைமாவுக் காண்டியாவை நொறுக்கத் தொடங்கினார். தொலைந்த பல்செட்டை அவர் மறந்தே போனார். ஆனால் மாதாஜியிடம் சொன்னது அந்தப் பல்செட் பற்றி அல்லவா? காஞ்சன்பென் கோயில் பூசாரியிடம் கேட்டுப் பார்த்தாள். அவர் காதைச் சொறிந்துகொண்டே, புதுசு வந்ததால் பழையது கிடைத்ததாக ஆகாது, மாதாஜியிடம் பேச்சு மாற்றினால் குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்.

சந்து சும்மா இருக்கவில்லை. வக்கீல் யாரும் அங்கே கிடையாது, ஆனால் எல்லோரும் வாதாடினார்கள். பல்லில்லாத வாயால் சொன்ன வேண்டுதல் மாதாஜிக்குச் சரியாக விளங்கியிருக்காது, அதனால் செல்லாது என்றார் சுந்தர்ஜி. குடிப்பதுதானே கூடாது, கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டால் என்ன என்று ஹசுமதி கேட்டாள். டீத்தூள் போடாமல் மசாலாப் பாலாகக் காய்ச்சிப் பார்க்கச் சொன்னார்கள். காய்ச்சினாள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்து மாதிரி இருந்தது. கடைசியில், கொதிக்கும்போது ஆவியை முகர்வது குடிப்பதில் சேருமா சேராதா என்று ஒரு முழு மத்தியானமும் சண்டை நடந்தது. சேராது என்று முடிவானது. அன்றிலிருந்து அவள் முகர்ந்தாள்.

"திருட்டுத்தனமா ஒரு வாய் குடியேன். மாதாஜி உன் அடுப்படியிலயா உக்காந்திருக்கா?" என்றாள் ஹசுமதி ஒருநாள்.

"அவளுக்குத் தெரியாம போனாலும் போகட்டும்டி. எனக்குத் தெரியுமே" என்றாள் காஞ்சன்பென்.

முதல் மாதம் தலைவலியில் கிடந்தாள். நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லோருக்கும் டீ போட்டாள். போடாமல் இருக்க முடியாது. அவள் வீட்டு டீ நின்றால் சந்து மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்காது. தலைவலி போனது. ஆசை போகவில்லை.

குடித்துப் பார்க்க முடியாததால், குடிக்கிறவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் போடவேண்டியிருந்தது. புதுப் பல்செட் மேலண்ணத்தை மூடியதில் தன்சுக்லாலுக்கு நாக்கில் ருசி மட்டுப்பட்டது. மிளகு இன்னும் கொஞ்சம் என்றார். போட்டாள். சுந்தர்ஜிக்குச் சளி, சுக்கு கூட்டச் சொன்னார். கூட்டினாள். சளி போன பிறகு குறைக்கச் சொல்ல அவருக்கு நினைவு வரவில்லை. ஹசுமதிக்கு வயிற்று உப்புசம், ஓமம் சேர்த்தாள். தலைப்பொங்கலுக்கு வருகிற மாப்பிள்ளை மாதிரி உத்தராயணத்துக்கு வந்த நீலுவின் புருஷன் ஜாதிக்காய் தூக்கலாக இருந்தால் நன்றாகத் தூக்கம் வரும் என்றான். இத்தனை காரத்துக்கு ஈடாகச் சர்க்கரையும் ஏறியது. சிட்டிகை கரண்டியானது. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதால் யாருக்கும் தெரியவில்லை. காஞ்சன்பென் டீக்கு ஈடு கிடையாது என்று சொல்லிச் சொல்லியே குடித்தார்கள். குடித்து முடித்ததும் எல்லோருக்கும் முகம் சிவந்து கண் கலங்கியது. அவள் நிலைமையை நினைத்துத்தான் கலங்குகிறது என்று அவர்களே நம்பினார்கள்.

இப்படியே நாலு வருஷம் ஓடியது.

நாலாவது வருஷம் நீலுவின் புருஷனுக்கு ராஜ்கோட்டுக்கு மாற்றல் வேண்டியிருந்தது. நவராத்திரியில் எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள். கூட்டம். தன்சுக்லால் சன்னிதியில் நின்று கண்ணை மூடினார், தொண்டையைச் செருமினார், மூக்கு விடைத்தது, கண்ணோரத்தில் நீர் கட்டியது. இருபத்தெட்டு வருஷமாக அந்த முகத்தைப் பார்த்து வருகிறவளுக்கு என்ன வரப்போகிறது என்று தெரியாதா? உப்பா, தூக்கமா, இன்னும் என்னதான் தன்னிடம் மிச்சம் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தாள். அவளுக்கே ஒன்றும் தோன்றவில்லை. அந்தக் கணத்தில்தான் அவளுக்குக் கோபம் வந்தது. வயிற்றிலிருந்து கிளம்பி நேராக வாய்க்கு வந்தது.

"மாதாஜி" என்று அவர் ஆரம்பிப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"தாயே, தொலைஞ்ச பல்செட் கிடைக்கிற வரைக்கும் எங்க வீட்டுக்காரர் புதுப் பல்செட் போடமாட்டார்."

கோயில் மணி அடித்தவர் அடிப்பதை நிறுத்தினார். தன்சுக்லால் கண்ணைத் திறந்தார்.

"என்ன காஞ்சன் இது? என்னைக் கேக்காம எப்படிச் சொல்லலாம்?"

"நீங்களும் நானும் ஒரே உடம்புதானே, நீலு அப்பா. எந்தப் பாதி விட்டா என்ன?" என்று சொல்லி அவள் கையை நீட்டினாள்.

அவர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி கூரையைப் பார்த்தார். மாதாஜியிடம் பேச்சு மாற்றினால் குடும்பத்துக்கு ஆகாது என்று நாலு வருஷத்துக்கு முன்னால் சொன்னவரும் அவர்தான். தன்சுக்லால் வாய்க்குள் விரலை விட்டுக் கழற்றிக் கொடுத்தார். பூசாரி அதைத் தேங்காய் மூடிகளுக்கு நடுவில் மாதாஜியின் காலடியில் வைத்தார். அன்று அந்த வழியாக வந்த பக்தர்கள் அதற்கும் குங்குமம் வைத்து இரண்டு பூ போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பாவ்நகர்க்காரனுக்குக் காண்டியா கடிக்க முடியாத காலை என்பது விடியாத காலை. தன்சுக்லால் அதை டீயில் ஊறவைத்துக் கூழாக்கி விழுங்கிப் பார்த்தார். ஒரு வாரம் தாங்கினார். எட்டாம் நாள் பஸ் பிடித்துப் போட்டாதுக்குப் போனார். நாலு வருஷமாகத் தொலைந்தே கிடந்த பல்செட்டை அன்றுதான் அவர் தேட ஆரம்பித்தார்.

அண்ணன் வீட்டில் ஆளாளுக்கு நினைவைக் கிளறியதில் ஒரு விஷயம் வந்து விழுந்தது. மாப்பிள்ளைக்குத் தூரத்து மாமன் ஒருவர், சிஹோரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற பச்சுபாய். கல்யாணத்துக்கு வரும்போது அவருக்கு மேல்வாய் பொக்கை. போகும்போது வாய் நிறையப் பல் இருந்தது. லட்டு சாப்பிடும்போது மட்டும் மாட்டிக்கொள்வார் போலிருக்கிறது என்று அப்போது நினைத்தார்களாம்.

காஞ்சன்பென் இதைக் கேட்டு அவசரப்படவில்லை. ஒரு மனுஷன் வாயைத் திறந்து காட்டு என்று எப்படிக் கேட்பது? அது தன் புருஷனின் பல்தானா என்று பார்த்தால் அவளுக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் வரை தினமும் தேய்த்துக் கழுவியவள் அவள்தான். இடப்பக்கக் கோரைப்பல்லின் நுனி, தன்சுக்லால் கொட்டைப்பாக்கைக் கடித்து உடைத்தது. டீ காய்ச்சுகிற பித்தளைச் சட்டிக்கு ஈயம் பூசவேண்டும் என்று சிஹோருக்குச் சொல்லி அனுப்பினாள். வேலைக்கு வருகிறவருக்கு டீ கொடுக்காமல் அனுப்புகிற வீடு அந்த ஜில்லாவிலேயே கிடையாது. டீ குடிக்க வாய் திறந்துதானே ஆகவேண்டும்.

பச்சுபாய் வந்தார். ஒல்லியான மனுஷன், பெரிய தலைப்பாகை. வாசலில் துருத்தியை ஊதிச் சட்டியைப் பளபளவென்று ஆக்கிக் கொடுத்தார். வாயை மட்டும் திறக்கவில்லை. பேசுகிறபோதுகூட உதட்டை இறுக்கிக்கொண்டு மூக்கால் பேசினார். சந்தே ஏதோ வேலை இருப்பது போல அங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. தன்சுக்லால் பொக்கை வாயால் ஹாஸ்யம் சொன்னார். பச்சுபாய்க்கு வயிறு குலுங்கியது, உதடு பிரியவில்லை. ஒருத்தர் கொட்டாவி விட்டால் எதிரில் இருப்பவருக்கும் வரும் என்று சுந்தர்ஜி கொட்டாவி விட்டார். ஹசுமதி விட்டாள். வரிசையாக எல்லோரும் விட்டார்கள். கடைசியில் பச்சுபாய்க்கும் வந்தது. தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு மரியாதையாகக் கொட்டாவி விட்டார். தட்டில் வைத்த காண்டியாவை, பிறகு சாப்பிடுகிறேன் என்று காகிதத்தில் மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

அடுப்படியில் இடிகல் சத்தம் நின்றது. காஞ்சன்பென் புதிதாக ஈயம் பூசிய சட்டியில் டீ போட்டுக் கொண்டுவந்தாள். விருந்தாளிக்கு என்பதால் மசாலாவை வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாகவே போட்டிருந்தாள். சாஸரில் ஊற்றிப் பச்சுபாய் கையில் கொடுத்தாள். அவர் உதட்டைக் குவித்து, சர்ர்ரென்று ஒரே இழுப்பு இழுத்தார்.

முதலில் அவருடைய தலைப்பாகை ஆடியது. அடுத்துக் கண் இரண்டும் வெளியே வந்தன. அதற்கப்புறம் வாய் திறந்தது. திறந்தது என்றால், ரயில் போகிற அளவுக்குத் திறந்தது. நாக்கு வெளியே தொங்கியது.

"என்ன காஞ்சன்பென் இது? மாட்டுக்குக் காய்ச்சினதை எனக்குக் கொடுத்துட்டீங்களா?"

சொன்ன வேகத்தில் மேல்வரிசை கழன்று கீழ் உதட்டின்மேல் வந்து உட்கார்ந்தது. இடப்பக்கக் கோரைப்பல்லில் நுனி இல்லை.

"அதேதான்" என்றாள் காஞ்சன்பென்.

தன்சுக்லால் எழுந்து கையை நீட்டினார். பச்சுபாய் பல்லை உள்ளே தள்ளி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். தண்ணீர் கொடுத்து, விசிறிவிட்டு, விவரத்தைச் சொன்னார்கள். அவர் முகம் வெளுத்தது. மெதுவாகச் சொன்னார். மகளுக்கு வரன் பார்க்கிற நேரம் அது. பொக்கை வாயோடு போனால் பிச்சைக்காரன் என்று நினைப்பார்கள் என்று பயம். பல் கட்ட வழியில்லை. வழி செய், அதுவரை உன் பிரசாதத்தைத் தவிர இனிப்பே தொடமாட்டேன் என்று மாதாஜியிடம் நேர்ந்துகொண்டு அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

"காலைல கண்ணு முழிச்சா தலமாட்டுல ஜன்னல்ல டம்ளர், டம்ளருக்குள்ள பல்லு. முதல் பஸ்ஸுக்கே ஊருக்குக் கிளம்பிட்டேன், அங்க தேடினது எனக்குத் தெரியாது. நான் யாரையுமே கேக்கல காஞ்சன்பென். மாதாஜியைத் தவிர வேற யாரு வெப்பாங்கன்னு நினைச்சேன். போட்டுப் பாத்தேன், பொருந்துச்சு. கொஞ்சம் லொடலொடன்னு இருந்துச்சு. மாதாஜி குடுத்ததுல குறை சொல்லக் கூடாதுன்னு வாயை மூடியே வெச்சிருந்தேன்."

சந்து திரும்பவும் இரண்டாகப் பிரிந்தது. பல் வாங்கியவருக்குச் சொந்தம் என்றது ஒரு கட்சி. மாதாஜி கைமாற்றி விட்டதை மனுஷன் பிடுங்கக் கூடாது என்றது இன்னொன்று. தன்சுக்லால் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. காஞ்சன்பென் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"கிடைக்கிற வரைக்கும்னுதானே சொன்னீங்க? கிடைச்சாச்சு. எல்லாரும் பாத்தாச்சு. அது அவர் வாயிலயே இருக்கட்டும். உங்களோடதுக்குக் கோயில்ல பூ வெச்சுக் கும்பிட்டுக்கிட்டு இருக்காங்க, போய் வாங்கிக்கோங்க."

 பச்சுபாய் அழுதுகொண்டே சிரித்தார். இந்தத் தடவை வாயை மூடாமல் சிரித்தார்.

அப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது. வேண்டுதல் முடிந்துவிட்டது. காஞ்சன்பென் டீ குடிக்கலாம். ஹசுமதி ஓடிப்போய்த் தோழியின் சாஸரைப் பரணிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொண்டுவந்தாள். சுந்தர்ஜி சட்டியிலிருந்து ஊற்றினார். காஞ்சன்பென் வழக்கமான இடத்தில், அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.  இதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பாள். காதடைத்துப்போகும் அந்த ஒரு சாஸர் நேரம். ஊதினாள். உறிஞ்சினாள்.

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு முதலில் ஆனந்தக் கண்ணீர் என்றுதான் தோன்றியது. விழுங்குவதற்கு வெகுநேரம் ஆனது. விழுங்கியபிறகு சாஸருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். இஞ்சி இருந்த இடம் தெரியவில்லை. எலுமிச்சைப்புல் செத்தே போயிருந்தது. மிளகும் ஓமமும் ஜாதிக்காயும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டு, தொண்டையில் கூச்சல் போட்டன. சுந்தர்ஜியின் சளி அதில் இருந்தது, ஹசுமதியின் வயிற்று உப்புசம் இருந்தது, புருஷனின் பல்செட் இருந்தது, மாப்பிள்ளையின் தூக்கம் இருந்தது. நாலு வருஷம் ஆசைப்பட்டு ஆசைப்பட்டு ஆவி பிடித்தது இதற்காகவா என்று நினைத்தாள்.

"இதையா நாலு வருஷமா குடிச்சீங்க?"

"உன் டீக்கு ஈடு உண்டா காஞ்சன்?" என்றார் தன்சுக்லால் உண்மையாகவே.

அவள் எழுந்தாள். சாஸரிலிருந்ததைச் சட்டியிலேயே திரும்ப ஊற்றினாள். சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வாசற்படியில் எல்லோருக்கும் நடுவில் வைத்தாள். பக்கத்தில் டம்ளர்களை வைத்தாள். உள்ளே போனாள். மசாலா டப்பாவை ஜன்னல் வழியாகச் சாக்கடையில் தட்டிக் கவிழ்க்கிற சத்தம் கேட்டது. குட்டிப் பாத்திரம் ஒன்றைத் தேடி எடுக்கிற சத்தம் கேட்டது. அடுப்படிக் கதவு சாத்திக்கொண்டது. அது சாத்தி யாரும் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் இடிகல் சத்தம் கேட்டது. இஞ்சி நசுங்குகிற வாசனை வந்தது, பின்னாலேயே எலுமிச்சைப்புல், அதற்கும் பின்னால் ஏலக்காய். வாசலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கேயோ குடித்திருக்கிறோமே இதை என்று ஹசுமதி முணுமுணுத்தாள்.

தன்சுக்லால் எழுந்துபோய்க் கதவைத் தட்டினார்.

"கேக்குதா? எனக்கும் அதுல ஒரு வாய் குடேன்."

ஆற அமர ஒரு சாஸர் உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. அது முடிகிறவரை உள்ளே யாருக்கும் காது கேட்கவில்லை. முடிந்தபிறகு பதில் வந்தது.

"உங்க டீ வாசல்ல இருக்கு."